மயிலைக்கு மூச்சு முட்டிய கதை

நாகூர் மீரானுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எதிரி உண்டென்றால் அது தண்ணீர்தான். அவருக்குச் சோறு போட்டதும் அதுதான் என்பது வேறு விஷயம். கோயமுத்தூரில் பம்பு செய்யாத தெரு எது, மோட்டார் சுற்றாத சந்து எது? பாலிடெக்னிக் முடித்த கையோடு ஒரு பம்பு கம்பெனியில் சேர்ந்தவர், ஆழ்துளைக் கிணற்றில் இறங்கும் மோட்டாருக்குள் தண்ணீர் புகாமல் என்ன செய்வது என்று யோசித்து யோசித்தே தலைமுடியில் பாதியை உதிர்த்தார். இடையில் மாலைக் கல்லூரியில் பொறியியலும் படித்து முடித்தார். மீதி முடியைப் பிறகு ராணுவ லாரி கொண்டுபோயிற்று.

கிணத்துக்கடவு தாண்டித் தென்னந்தோப்புகளுக்கு நடுவே நரசிம்மலு தொழிற்சாலை கட்டியிருந்தார். தாத்தா காலத்தில் பருத்தி மில், அப்பா காலத்தில் மில் இயந்திரம், இவர் காலத்தில் லாரி. டிப்பரும் தண்ணீர் லாரியுமாகக் கட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு, நாமும் ராணுவத்துக்கு ஒரு லாரி செய்து பார்த்தால் என்ன என்று திடீரென்று ஆசை வந்துவிட்டது. அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற அவர் பேச்சில் 'ங்க' கூடிக்கொண்டே போகும், அவ்வளவுதான். "அப்படீங்களாங்க?" என்று அவர் மெதுவாகக் கேட்டுவிட்டால் அன்று கேன்டீனில் யாருக்கும் சோறு இறங்காது.

ராணுவம் கேட்டது சாதாரண லாரி அல்ல. ஆறு சக்கரமும் இழுக்க வேண்டும். மணலில் புதையக் கூடாது, பனியில் உறையக் கூடாது, ரயிலில் ஏற வேண்டும், விமானத்தின் வயிற்றுக்குள் நுழைய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், பாலமில்லாத ஆற்றில் மார்பளவுத் தண்ணீரில் சுமையோடு இறங்கி, நடுவில் நிற்கச் சொன்னால் நின்று, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் அக்கரை ஏற வேண்டும். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இத்தனை நிபந்தனை போட மாட்டார்கள். அந்தத் தண்ணீர் விவகாரத்துக்காகத்தான் பம்பு கம்பெனியிலிருந்து மீரானை அழைத்து வந்தார்கள்.

லாரிக்குக் காகிதத்தில் எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளப் பெயர் இருந்தது. யார் வாயிலும் அது நுழையவில்லை. இரும்புச் சட்டத்தின் மேல் சாம்பல் நிற முதல்பூச்சோடு, முன்பக்கம் கனத்து நின்றதைப் பார்த்து யாரோ ஒருவர் காங்கேயத்துச் சாம்பல் நிறக் காளையின் நினைவில் மயிலை என்றார். பிறகு பச்சைப் பெயிண்ட் அடித்தும் அது மயிலையாகவே இருந்துவிட்டது.

மயிலையின் ஆக்ஸில்கள் மீரானின் பொறுப்பு. ஆக்ஸில் என்பது சக்கரங்களைச் சுழற்றும் பற்சக்கரங்கள் எண்ணெயில் கிடக்கும் இரும்புக்கூடு. வண்டி ஓட ஓட அது கொதிக்கும். கொதித்த கூட்டை அப்படியே ஆற்றுத் தண்ணீரில் இறக்கினால் என்ன ஆகும்? சூடான சோற்றை டிபன் பாக்ஸில் போட்டு இறுக்கி மூடிப் பாருங்கள், மதியம் மூடி திறக்க வராது. உள்ளே இருக்கும் காற்று ஆறிச் சுருங்கி மூடியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆக்ஸிலிலும் அதேதான். உள்ளே காற்று சுருங்கும்போது வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். காற்று கிடைத்தால் காற்றை இழுக்கும். கிடைக்காவிட்டால் சக்கரத்தருகே இருக்கும் ரப்பர் சீலைத் தாண்டித் தண்ணீரையே இழுத்துக் குடித்துவிடும். அதனால் ஆக்ஸில் மூச்சு விடுவதற்கென்று ஒரு வழி வைக்க வேண்டும். அதற்கு ப்ரீதர் என்று பெயர்.

ப்ரீதர் எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் முதல் தகராறு. ரவிதேஜா பிராஜெக்ட் மேனேஜர். நல்ல படிப்பு, நல்ல பையன்தான், ஆனால் வெளிநாட்டுச் சாமான் என்றால் கண் விரிந்துவிடும்.

"இதுக்குன்னே வெளிநாட்டுல ஒரு செட் வருதுங்க சார். உள்ளே காத்தை அடிச்சுட்டே இருக்கும், தண்ணி கிட்டவே வராது" என்றான்.

"வருமுங்க. கம்ப்ரசர், வால்வு, வயரு, சென்சாருன்னு குடும்பத்தோட வரும். பாலைவனத்துல அதுல ஒண்ணு புட்டுக்கிட்டா யாரு போய் மாத்தறது? நாம ஒரு குழாய் வெப்போம். மூணு ஆக்ஸிலையும் சேத்து, கேபின் முதுகு உச்சி வரைக்கும். தண்ணி அங்கே வராது, காத்து வரும். கெட்டுப்போறதுக்கு அதுல ஒண்ணுமே இல்லீங்க" என்றார் மீரான்.

"ஒண்ணுமே இல்லீங்களா?" என்று கேட்டார் நரசிம்மலு.

"என் பொறுப்புங்க."

அந்தக் கூட்டத்தில் மீரானுக்காக வாய் திறந்தவர் ராமாமணி ஒருவர்தான். அசெம்பிளி முழுக்க அவர் கையில். பூளமேட்டுக்காரர். வீட்டில் தெலுங்கு, ஒர்க்ஷாப்பில் கோயமுத்தூர்த் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். "குழாயே போதுமுங்க. மாட்டறவ நானு. நான் சொல்றேன்" என்று முடித்துவிட்டார். மீரான் கோடாகப் போட்டதையெல்லாம் இரும்பாக்கித் தந்தது அவருடைய ஆட்கள். உச்சியில் குழாயின் நுனியைக் குடையின் கைப்பிடிபோலக் கீழே வளைத்து, பூச்சி புகாமல் வாயில் சல்லடை வைத்தது அவர் யோசனைதான்.

முதல் மயிலை முழுதாக எழுந்து நின்றபோது ஆயுத பூஜை வந்தது. இந்த ஊரில் ஆயுத பூஜை என்றால் தெரியும்தானே. ஸ்பேனரிலிருந்து கிரேன் வரை கழுவிப் பொட்டு வைக்காத இரும்பு மிஞ்சாது. நரசிம்மலுவின் ஷாப்பில் அதற்குமேல் ஒரு வழக்கம். யார் எந்தப் பாகத்தைச் செய்தாரோ அவர் கையால்தான் அந்தப் பாகத்துக்கு முதல் சந்தனம். எஞ்சின்காரர் எஞ்சினுக்கு, பிரேக்குக்காரர் பிரேக்குக்கு. மீரானும் வருடா வருடம் நின்று, கொடுக்கிற பொரியை வாங்கிச் சாப்பிட்டுப் போகிறவர்தான். அன்று வெள்ளிக்கிழமையாக அமைந்துவிட்டதால் ஜும்மாவுக்குப் போய்விட்டார். திரும்பி வந்ததும் ராமாமணி சிரித்துக்கொண்டே சொன்னார், "உங்க பாகம் மட்டும் வெறுமனே நிக்கக்கூடாதுன்னு உங்க பங்குக்கும் நானே வெச்சுப்போட்டேனுங்க சார்." மீரானுக்கு மனசு குளிர்ந்தது. இருவரும் ஆளுக்கொரு கை பொரியோடு மயிலையைச் சுற்றி வந்தார்கள்.

கார்த்திகையில் ராணுவக் குழு வந்தது. தலைமை ஒரு கர்னல். வடக்கத்திக்காரர், ஆங்கிலத்தில் அளந்து பேசினார், அதைவிட அளந்து சிரித்தார். அவர்கள் வருவதற்கு முன் பூஜை மாலையை எடுத்து, பொட்டையெல்லாம் துடைத்து, மேலே இன்னொரு கோட் பச்சை அடித்திருந்தார்கள். மேடு ஏறியது, மணலில் ஓடியது, சின்ன வட்டத்தில் திரும்பியது. கர்னல் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். கடைசியாக, தொழிற்சாலைக்குப் பின்னால் வெட்டியிருந்த குளத்தில் மயிலை இறங்கி நின்று, ஏறியும் வந்துவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். ஆக்ஸில் எண்ணெயை வடித்துக் காட்டுங்கள் என்றார் கர்னல்.

எண்ணெய் பால் விட்ட காபி நிறத்தில் வந்தது. தண்ணீர் புகுந்துவிட்டது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடியுங்கள், பொங்கல் கழித்து இன்னொரு முறை வருகிறேன், அதற்குமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கர்னல் காரில் ஏறினார்.

"ஒண்ணுமே இல்லாத குழாய்ங்களாங்க மீரான்ங்க?" என்றார் நரசிம்மலு. அத்தனை 'ங்க'வை ஒரே மூச்சில் யாரும் அதுவரை வாங்கியதில்லை. அடுத்த முறையும் இப்படி ஆனால் ராணுவ லாரிப் பிரிவையே மூடிவிட்டு டிப்பருக்குத் திரும்பிவிடுவோம் என்று அவர் சொன்னதில் குரல் இம்மியும் உயரவில்லை.

மீரானுக்குப் பயம் வேலையைப் பற்றி அல்ல. பொறுப்பு என்று ஊரறியச் சொன்ன சொல் பொய்யாகிவிட்டதே என்பதுதான். உக்கடத்தில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் குழாயின் அளவையும் சீலின் உதட்டையும் மனசுக்குள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். எங்கேயும் பிழை தெரியவில்லை. தெரியாத பிழைதானே ஆளைக் கொல்லும்.

"ஏனுங்க, சோத்துல என்ன ஆராய்ச்சி?" என்றார் மனைவி தாஜுன்னிசா.

"நான் தப்புப் பண்ணிப்போட்டேனோன்னு இருக்கு தாஜு."

"தப்புன்னா திருத்துங்க. தப்பா இல்லையான்னே தெரியாம சோத்தைப் பிசைஞ்சா எப்படி? குழம்பு ஆறுது."

அதுவும் சரிதான் என்று பட்டது. மறுநாளிலிருந்து மீரான் மயிலையைத் தினமும் சுட வைத்துக் குளத்தில் இறக்கினார். தினமும் பால்காபி. ரப்பர் சீலை மாற்றினார், பால்காபி. சீலைப் பிடிக்கும் வளையத்தை மாற்றினார், பால்காபி. கேன்டீனில் காபி குடிப்பதையே விட்டுவிட்டார். அதற்குள் இரண்டாவது மயிலை தயாராகி வந்தது. அதே படம், அதே சாமான், அதே கைகள். அதைக் குளத்தில் இறக்கியபோது எண்ணெய் தேன் மாதிரி சுத்தமாக வந்தது.

மீரான் இரண்டு லாரிகளுக்கும் நடுவே நின்று ஒன்றை மாற்றி ஒன்றைப் பார்த்தார். படம் சரி என்றால் முதலாவதில் மட்டும் ஏதோ நடந்திருக்கிறது. குழாயை ஆக்ஸில் முனையில் கழற்றி, கம்ப்ரசர் காற்றடிக்கும் துப்பாக்கியை வைத்து அழுத்தினார். உச்சியில் புஸ்ஸென்று வர வேண்டிய காற்று வரவே இல்லை.

ஐம்பது தாண்டிய மனிதர், கேபின் முதுகில் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. வளைந்த நுனியைத் தடவிப் பார்த்தார். மேலே பச்சைப் பெயிண்ட் வழுவழுவென்று இருந்தது. ஸ்குரூடிரைவரால் சுரண்டினார். பச்சைக்குக் கீழே மஞ்சள். இன்னும் சுரண்டினார். சல்லடைக்குள் கட்டியாகக் காய்ந்து இறுகிக் கிடந்தது ஒரு துண்டாகப் பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. மோந்து பார்த்தார். சந்தனம்.

லாரியின் உச்சியில் உட்கார்ந்து மீரான் சிரித்தார். சத்தம் போட்டுச் சிரித்தார். அல்ஹம்துலில்லாஹ் என்றார், மறுபடி சிரித்தார். படம் பொய் சொல்லவில்லை, குழாய் பொய் சொல்லவில்லை. இத்தனை நாளாக நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருந்ததுபோல் இருந்தது, இறங்கிப் போய்விட்டார்கள்.

"என்னாச்சுங்க சார், மேலே உக்காந்து சிரிக்கறீங்க?" என்று கீழிருந்து ராமாமணி கேட்டார்.

அப்போதுதான் மீரானுக்கு உறைத்தது. பூஜையன்று ஆக்ஸில் வண்டிக்கு அடியில், கிரீஸில் கிடந்தது. பட்டுப்புடவையோடு யாரும் அடியில் புக முடியாது. மீரானின் பாகத்தில் நின்றவாக்கில் எட்டும் இடம் ஏணியில் ஏறினால் இந்தக் குழாய் நுனி ஒன்றுதான். அந்த அம்மாள் ஒரு பொட்டு வைத்து நிறுத்துகிறவர் அல்ல. அள்ளி அப்பியிருப்பார். அன்பு அப்படி.

கீழே இறங்கிய மீரான் கையை மூடிக்கொண்டார். "அடைச்சிருந்துச்சுங்க, எடுத்துட்டேன்" என்றார்.

"என்ன அடைச்சிருந்துச்சு?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் பொய் சொல்லும்போது முகம் காட்டிக்கொடுத்துவிடும். ராமாமணி அவர் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். மீரான் கையைத் திறந்தார். அந்த அம்மாள் துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். திரும்பி நடந்து கிரேனுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

மாலை பஸ்ஸில் மீரானுக்கு நிம்மதியும் இருந்தது, அதன் நடுவே முள்ளும் இருந்தது. வெளியே கடைசி மழை பெய்துகொண்டிருந்தது. முன்னே போன டிராக்டரின் சக்கரத்திலிருந்து செம்மண் சேறு தெறித்து பஸ் கண்ணாடியை அப்பிக்கொண்டது. டிரைவர் திட்டிக்கொண்டே வண்டியை ஓரம்கட்டித் துடைத்தார். மீரான் அந்தச் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்று சந்தனம். நாளைக்கு எங்கோ ஓர் எல்லையில் சேறு தெறித்தால்? பனி உறைந்தால்? ஒரு குளவி கூடு கட்டினால்? ஒரே ஒரு வாய், அதை அடைத்தாலும் ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. தேடித் தேடிக் கிடைக்காத பிழை அங்கேதான் இருந்தது. பிழை என்று தெரிந்தும் இந்த முறை நெஞ்சு கனக்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டதே.

மறுநாள் காலைக் கூட்டத்தில் மீரான் சந்தனத் துண்டை மேசைமேல் வைத்துக் காரணத்தைச் சொன்னார். யார் வைத்தது என்று சொல்லவில்லை. ரவிதேஜா நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அப்போ டிசைன் சரிங்களா சார்? இதை வெச்சது யாருன்னு பாத்து நடவடிக்கை எடுத்தாப் போதுமுங்களே."

"அப்படீங்களாங்க" என்றார் நரசிம்மலு, பொதுவாக எல்லோரையும் பார்த்து.

ராமாமணி எழுந்து நின்றார். "நான்தானுங்க. மீரான் சார் ஊட்ல இல்லாதப்ப அவர் புள்ளைக்குப் பொட்டு வெக்கற மாதிரி நெனச்சு வெச்சுப்போட்டேன். அவர் தலை குனிஞ்சு நின்னப்ப பக்கத்துலயேதான் இருந்தேன். எனக்குத் தெரியலைங்க."

"உக்காருங்க அம்மணி" என்றார் மீரான். அவர் ராமாமணியை மேடம் என்று தவிர வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. பிறகு நரசிம்மலுவிடம் திரும்பினார். "டிசைன் சரியில்லீங்க. ஒரு பொட்டுச் சந்தனத்துல சாகற வண்டியை நாம சண்டைக்கு அனுப்பக்கூடாது. சேறு அடைச்சிருந்தா யார்மேல நடவடிக்கை எடுப்பீங்க? வெட்ட வெளியில ஒரே ஒரு வாய் வெச்சது நானுங்க. அவங்க வெச்ச சந்தனம் இங்கேயே காட்டிக்கொடுத்துருச்சு. இல்லீன்னா ஆத்துக்கு நடுவுல தெரிஞ்சிருக்கும், உள்ளே ஆள் இருக்கறப்ப."

நரசிம்மலு சந்தனத் துண்டை எடுத்து மீரான் பக்கம் தள்ளி வைத்தார். "சரி, என்ன பண்ணலாம்?" என்றார். அதில் ஒரு 'ங்க'கூட இல்லாததைக் கேட்டு ரவிதேஜாவே மூச்சு விட்டான்.

மாற்றம் பெரிதில்லை. எஞ்சின் காற்றை இழுக்கும் தடித்த குழாய் ஒன்று கேபினுக்கு மேலே தலை தூக்கி நிற்கும். மூன்று ஆக்ஸில்களுக்கும் பொதுவான ப்ரீதர் குழாயின் நுனியை அதற்குள் கொண்டுபோய்விட்டார் மீரான். சேறு தெறிக்காது, கை எட்டாது. அதையும் மீறி அந்தப் பெரிய குழாய் அடைத்தால் எஞ்சினே திணறும், ஓட்டுகிறவனுக்கு அக்கணமே தெரிந்துவிடும். தனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று ரவிதேஜா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். மூன்றாம் நாள் அவனே உட்கார்ந்து குழாய்களின் அளவையெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுத்தான்.

வேலை ஓடியது. ஆனால் ராமாமணி மயிலையைத் தொடவில்லை. தள்ளி நின்று, இதை முறுக்கு, அதை இறுக்கு என்று சொல்வதோடு சரி. யாராவது ஸ்பேனரை நீட்டினால் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கச் சொன்னார். மதியம் மீரானோடு உட்கார்ந்து சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டார். மீரான் கூப்பிட்டுப் பார்த்தார். "வாரேனுங்க, நீங்க சாப்பிடுங்க" என்பார், வரமாட்டார். தன் பாரம் இறங்கியது அந்த அம்மாளின் தோளில் போய் ஏறிவிட்டதே என்று மீரானுக்கு வருத்தமாக இருந்தது. மறுசோதனை தேறினால்தான் அது இறங்கும் என்றும் தெரிந்தது. தேறாவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே அவர் விரும்பவில்லை.

பொங்கல் கழிந்து கர்னல் சொன்னபடி வந்தார். காரணம் என்ன என்று கேட்டார். மீரான் மறைக்காமல், சுருக்கமாகத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். கர்னல் சிரிக்கவில்லை. குளக்கரைக்குப் போய்க் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றை அள்ளிக்கொண்டு வந்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு மயிலையின் முதுகில் ஏறி, எஞ்சின் காற்றுக் குழாயின் வாயை மட்டும் விட்டுவிட்டு, கண்ணில் பட்ட ஓட்டை, இடுக்கு, வளைவு எல்லாவற்றிலும் அப்பினார். இறங்கி, இன்னொரு முறை அள்ளிக்கொண்டு ஏறினார். நரசிம்மலுவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

மேட்டில் ஏற்றி இறக்கி, ஆக்ஸிலில் கை வைக்க முடியாத சூட்டோடு மயிலையைக் குளத்தில் இறக்கினார்கள். தண்ணீர் பொங்கி ஆவி கிளம்பியது. எஞ்சினை நிறுத்தச் சொன்னார் கர்னல். முன்பைவிட அதிக நேரம் நிறுத்தி வைத்தார். ஏறச் சொன்னபோது மயிலை ஒரு உறுமல் உறுமி, தண்ணீர் வழிய வழியக் கரையேறி வந்து நின்றது. எண்ணெய் வடிக்க வேண்டும்.

ராமாமணி எல்லோருக்கும் பின்னால், சுவரை ஒட்டி நின்றிருந்தார். மீரான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் போனார்.

"நீங்க திறங்க."

"வேண்டாமுங்க சார். என் கை வேண்டாம்."

"இத்தனை நாள் இதை மாட்டினது உங்க கைதானுங்க. உங்க கைல கோளாறு இருந்தா இது கரையே ஏறியிருக்காது. வாங்க, கர்னல் பாத்துட்டு நிக்கறாரு."

ராமாமணி வந்தார். புடவைக்குமேல் போட்டிருந்த காக்கி கோட்டோடு வண்டிக்கு அடியில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். ஸ்பேனர் முதல் தடவை நழுவியது. இரண்டாம் தடவை பிடித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு திருகினார். மூடி கழன்று விழ, எண்ணெய் தட்டில் கொட்டியது.

"கண்ணைத் திறந்து பாருங்க அம்மணி" என்றார் மீரான்.

சொட்டுப் பாலில்லை. தேன் நிறத்தில், அடியில் தட்டின் கீறல் தெரியும்படி தெளிவாக எண்ணெய். கர்னல் குனிந்து விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, நரசிம்மலுவின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். ஷாப்பே கத்தியது. ராமாமணி அந்த ஈரத் தரையிலேயே, சக்கரத்தில் முதுகைச் சாய்த்துச் சரிந்து உட்கார்ந்து, கோட்டின் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மீரானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து ராமாமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டைப் பார்த்தார், பிறகு மீரானைப் பார்த்தார்.

"பசிக்குதுங்க சார்" என்றார்.

"எனக்குந்தானுங்க" என்று மீரான் எழுந்து, அவருக்கும் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். கை முழுக்க எண்ணெயாக இருந்தது.